அக்காவின் வலது கையை நான் படமெடுத்த விதம்

முதலில் செத்தது ஒரு கும்பிடுபூச்சி. அதைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அசையாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு ஸ்ரீவராகத்தில். அப்பாவும் அம்மாவும் நான் கல்லூரியில் படிக்கும்போதே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அவளுக்குப் பதினோரு வயதில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. நான் பார்த்த நாளிலிருந்து அவள் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள், மே மாதத்துப் புழுக்கத்திலும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். நகக்கண் அளவுள்ள ஒன்றைச் சுவரளவுக்குக் காட்டக்கூடிய லென்ஸ் அது. எறும்பின் முகத்தில் மயிர் இருப்பதும், ஊசித்தட்டானின் கண்ணில் கட்டம் கட்டமாக இருப்பதும் அதில் தெரியும். ஒரு சங்கடம் உண்டு. அவ்வளவு கிட்டத்தில் போனால் ஒரு காகிதத்தின் தடிமனுக்குத்தான் படம் தெளிவாக விழும். கண் தெளிந்தால் மீசை கலங்கிவிடும். அதனால் குவியத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நாற்பது ஐம்பது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க வேண்டும். அதுவரை பூச்சி இம்மி அசையக் கூடாது.

வெள்ளாயணிக் காயலோரம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தேன். எந்தப் பூச்சியும் ஐம்பது படத்துக்கு நிற்கவில்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் மலையாளி நண்பன்தான் வழி சொன்னான். நகரத்தில் படமெடுக்கும் முப்பது பேர் சேர்ந்த ஒரு குழுவை அவன் நடத்திவந்தான்.

"ஃப்ரிட்ஜில வெச்சா மதி அளியா. பத்து மினிட்டு. பின்னே அது அனங்ஙில்லா."

பத்து நிமிடம் குளிரில் வைத்தால் அசையாது என்றான். நான் அந்தக் கும்பிடுபூச்சியை அரை மணி நேரம் வைத்தேன். ஃப்ரீஸருக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். அந்த அரை மணி முடியும் நேரத்தில் அக்கா அதைக் கண்டுபிடித்தாள்.

"டேய், இதென்னது? இங்க பூச்சி இருக்கே!"

"ஃபோட்டோவுக்குக்கா. தூங்கறது."

"எழுந்துக்குமா?"

"எழுந்துக்கும். கொஞ்சம் சூடானா சரியாயிடும்."

அக்கா டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வெயில் விழும் இடத்தில் வைத்தாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே நடுநடுவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரை பார்த்தாள். அது எழுந்துகொள்ளவில்லை. அவள் டப்பாவைத் திருப்பித் தந்தாள். நான் அந்தப் பூச்சியை ஒரு காய்ந்த குச்சியில் ஒட்டி, கால்களை இடுக்கியால் மடக்கி, அறுபத்து மூன்று படம் எடுத்தேன். குழுவில் போட்டேன். எப்படி இவ்வளவு பொறுமை என்று கேட்டார்கள்.

இன்னொரு முறை பத்து நிமிடக் கணக்கைச் சரியாகவே கடைப்பிடித்தேன். அது ஒரு வெட்டுக்கிளி. கால் வழுக்காமல் இருக்க ஒரு சொட்டுப் பசை வைத்திருந்தேன். இருபதாவது படத்தில் அதற்கு உயிர் வந்தது. உதறியது. ஒரு பெரிய காலை இலையிலேயே விட்டுவிட்டு ஜன்னலில் போய் மோதியது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலை விட்டுட்டுப் போயிடுத்தே," என்றாள்.

"அதுக்கு வலியெல்லாம் தெரியாதுக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இலையில் ஒட்டியிருந்த காலைத் தனியாகப் படமெடுத்தேன். அதன் முட்கள் மிக அழகாக வந்தன.

போன வருடம் குழு ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தது. தலைப்பு 'மேற்பரப்பு'. எதை எடுத்தாலும் கிட்டத்தில் போய் எடுக்க வேண்டும், பார்ப்பவருக்கு இன்னதென்று சட்டென்று தெரியக் கூடாது. நான் எண்ணெயும் தண்ணீரும் கலந்த தட்டை எடுத்தேன், சோப்புப் படலத்தில் ஓடும் வண்ணங்களை எடுத்தேன், பலாப்பழத் தோலை எடுத்தேன். விழிஞ்ஞத்துக்குப் போய் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளின் துருவை ஒரு நாள் முழுக்க எடுத்தேன். நண்பன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். துரு எல்லாரும் எடுப்பதுதான், வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைக் கொண்டு வா என்றான்.

மறுநாள் காலை அக்கா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கை நனையாமல் இருக்க முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தாள். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று என்று எனக்குள் ஓடியது. அதை மறைக்க விரும்பவில்லை. அவள் என் அக்கா என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு வாரம் கெஞ்சினேன். வெளிச்சம் பழகிக்கொள்ளத்தான் என்றேன். எந்தக் கோணத்தில் விளக்கு வைத்தால் மேடு பள்ளம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும், என் கையில் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

"வேற யாரும் பாக்கப்டாது," என்றாள் கடைசியில்.

"யார் பாக்கப்போறா?"

"பாத்துட்டு உடனே அழிச்சுடணும். சத்தியமா?"

"சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம் மேஜை போட்டு, நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அதன்மேல் அவள் கையை வைக்கச் சொன்னேன். அந்தக் கை முழுவதும் நீளாது. முழங்கைக்கு உள்பக்கம் தோல் இழுத்துப் பிடித்திருக்கும். நீட்டு நீட்டு என்றேன். முடிந்தவரை நீட்டினாள். சின்ன விளக்கு ஒன்றைத் தோலுக்கு மிகத் தாழ்வாக, பக்கவாட்டில் வைத்தேன். ஒவ்வொரு சுருக்கமும் நிழல் போட்டது.

"அசையாதே."

"அசையல்லியே."

"மூச்சு விடறது படத்துல தெரியறது. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ."

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பத்துப் படம் எடுத்ததும் விடச் சொன்னேன். மறுபடி பிடிக்கச் சொன்னேன். கை நடுங்க ஆரம்பித்தது. நான் அந்த மணிக்கட்டை என் இடது கையால் மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் எடுத்தேன்.

அப்போது அவளாகவே பேசினாள். "என்னைப் பொண்ணு பாக்க நாகர்கோயில்லேருந்து வந்தாளே, ஞாபகம் இருக்கோ உனக்கு? நீ அப்போ ஸ்கூல்ல படிச்சிண்டிருந்தே. அந்தப் பையனோட அம்மா, ஜன்னல்கிட்ட வாம்மா, வெளிச்சத்துல நன்னா பாத்துடறேன்னா. கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா."

"ம்."

"அவ ரெண்டு நிமிஷத்துல விட்டுட்டா."

நான் நாற்பது நிமிடம் எடுத்தேன்.

படங்களை அடுக்கி முடித்தேன். திரையில் தெரிந்தது கை இல்லை. கடல் பின்வாங்கிய பிறகு ஈர மணலில் மிஞ்சும் வரிகள் தெரிந்தன. மயிரோ துளையோ இல்லாத மழமழப்பு, அதில் வளைந்து வளைந்து ஓடும் மேடுகள், ஓரத்தில் கூழாங்கல் மாதிரி ஒரே ஒரு மச்சம். "அக்கா, வாயேன், வந்து பாரேன்!" என்று கத்தினேன்.

அவள் கைதுடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நன்னாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, "நான்தான்னு தெரியவே இல்லையே."

"தெரியல இல்ல?"

"சரி, அழிச்சுடு."

அழித்தேன், அவள் கண்ணெதிரே. பிரதி வேறு இடத்தில் இருந்தது. நான்தான் என்று தெரியவே இல்லை என்று அவளே சொன்னாளே என்பதை ஒரு சம்மதம்போல எனக்குள் வைத்துக்கொண்டேன். அந்தப் படத்தை மூன்றடி அகலத்தில் அச்சிட்டு, 'அலை வற்றிய கரை' என்று தலைப்பு வைத்து, என் பூச்சிப் படங்கள் சிலவற்றோடு கண்காட்சிக்குக் கொடுத்தேன். வீட்டில் கண்காட்சியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் கண்காட்சியின் அழைப்பிதழ் யார் யார் மூலமாகவோ சுற்றி அக்காவின் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. என் பெயரைப் பார்த்த அக்கா, நான் கூச்சத்தில் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். கடைசி நாள் பிற்பகல், பரிசு அறிவிக்கும் நேரத்துக்கு, உடன் வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுவது.

நான் கூடத்தின் மறுகோடியில் நின்றிருந்தேன். அவள் முதலில் என் பூச்சிப் படங்களுக்கு முன்னால் நின்று டீச்சர்களிடம் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டது. "இதெல்லாம் எங்காத்து ஃப்ரிட்ஜுல இருந்ததாக்கும்." டீச்சர்கள் சிரித்தார்கள். அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். அதற்கடுத்த படத்துக்கு. பிறகு அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவள் பார்வை நேராக மச்சத்துக்குப் போனது. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இடது கை தானாக வலது மணிக்கட்டுக்குப் போய் ரவிக்கையின் விளிம்பை இழுத்து விட்டது. ஏற்கெனவே அது முழுசாகத்தான் மூடியிருந்தது.

அந்த நேரம் பார்த்து நடுவர் மைக்கை எடுத்தார். பெரிய புகைப்படக்காரர், வயதானவர், வேடிக்கையாகப் பேசுவார். நேராக என் படத்துக்கு வந்தார். இது என்னவென்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கூட்டத்திடம் கேட்டார்.

"ஆனத்தோல்!" என்றது ஒரு குரல்.

"ஒணக்க மீன்!"

"சேறு," என்றாள் ஒரு சின்னப் பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

யானைத்தோல், கருவாடு, சேறு. அக்கா அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நடுவர் என்னைக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அது ரகசியம் என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். மரப்பட்டை என்றிருக்கலாம். அக்கா வந்திருப்பது எனக்குத் தெரியும், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரியும்.

"தீக்காயம்," என்றேன். "மனுஷ்யன்டெ தோல்."

சிரிப்பு நின்றது. கூடம் முழுவதும் ஓ என்று ஒரு ஓசை எழுந்தது. அந்த ஓசை எனக்குப் பிடித்திருந்தது. மூன்று வருடத்தில் எந்தப் பூச்சிக்கும் அது கிடைத்ததில்லை.

"ஆருடெயா?" என்று நடுவர் தணிந்த குரலில் கேட்டார்.

யாருடையது என்று கேட்டதற்கு, "என்டெ சேச்சியுடெ," என் அக்காவுடையது என்று சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. அதோ நிற்கிறாள் என்று கையை நீட்டிக் காட்டினேன். "அவிடெ நில்க்குன்னு."

எல்லாத் தலையும் திரும்பின. யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். ஒரு பெண் நெகிழ்ந்துபோய் அக்காவின் தோளைத் தொட்டாள். கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவன் முன்னால் வந்து, "சேச்சி, ஒந்நு காணிக்காமோ? அந்தப் படத்தின்டெ அடுத்து நிந்நிட்டு?" என்றான். படத்தின் பக்கத்தில் நின்று கையைக் காட்டச் சொன்னான். மரியாதையாகத்தான் கேட்டான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. அவள் மணிக்கட்டில் இருந்த கொக்கியை இடது கையால் அவிழ்த்தாள். பதற்றத்தில் முதலில் வரவில்லை. பிறகு வந்தது. ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளி, நீளாத அந்தக் கையை நீட்டிக்கொண்டு படத்தின் பக்கத்தில் நின்றாள்.

"எடுத்தோளூ," என்றாள்.

நாலைந்து ஷட்டர் சத்தம் கேட்டது. அதில் ஒன்று என்னுடையது. கேமரா எப்போது என் கண்ணுக்கு வந்தது என்று தெரியாது என்று சொன்னால் பொய். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். அவளோடு வந்த டீச்சர்களில் ஒருத்தி பல வருடங்களாக ஒரே ஸ்டாஃப் ரூமில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருபவள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது என் படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கிறது.

ஆட்டோவில் திரும்பினோம். கிழக்கேகோட்டை நெரிசலில் வண்டி நின்றபோது அக்கா கேட்டாள்.

"பரிசு உண்டோ?"

"ரெண்டாவது."

"மொதல் பரிசு எதுக்கு?"

"மழைத்துளி. சேப்பங்கிழங்கு இலைமேல."

"ம்," என்றாள்.

நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் ரொம்ப நன்னாப் பேசறா. ஒருத்தி எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தா, தடவினா மாறுமாம். முன்னாடி எல்லாம் சண்டை போடுவா. இப்போ என்னோட யாரும் சண்டை போடறதில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்காததுபோல, "அந்தப் படம் எங்கே?" என்றாள்.

"நண்பன்கிட்ட இருக்கு. கிழிச்சுடச் சொல்றேன்."

"ஆத்துக்குக் கொண்டு வா."

கொண்டுவந்தேன். கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் சுவரில் அதை மாட்டச் சொன்னாள். நான்தான் ஆணி அடித்தேன்.

"யார் வந்து இது என்னன்னு கேட்டாலும் நீதான் சொல்லணும்," என்றாள். "நான் சொல்லமாட்டேன்."

முதலில் வந்தவர் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா. "இதென்னடா, கோவளமா?" என்றார். ஆமாம் சித்தப்பா, கடற்கரை என்றேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"பொய் சொல்றான் சித்தப்பா. நன்னாக் கேளுங்கோ."

சொன்னேன். அக்காவின் கை என்றேன். அது போதவில்லை.

"எப்படி எடுத்தேன்னு சொல்லு. என்ன சத்தியம் பண்ணினேன்னு சொல்லு. எங்கே மாட்டினே, யார் யார் பாத்தா, அதையும் சொல்லு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். சித்தப்பா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முழுக்கதையும் முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, "சாப்பிட வாங்கோ," என்று அவரைக் கூப்பிட்டாள்.

அப்புறம் பக்கத்து வீட்டு மாமி, என் மேலதிகாரி, எல்.ஐ.சி. ஏஜென்ட். ஒரு முறை நடுவில் ஒரு வரியை விழுங்கினேன். "என்னைக் கை நீட்டிக் காட்டினது விட்டுப்போச்சே," என்று எடுத்துக் கொடுத்தாள், விடைத்தாளில் விட்டுப்போன படியைச் சுட்டிக்காட்டுவதுபோல.

"இன்னும் எத்தனை நாளுக்கு அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ எத்தனை பேருக்குக் காட்டினே? அத்தனை பேருக்குச் சொல்லு."

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததும் அவள்தான். கரமனையில் ஒரு குடும்பம் ஒத்துவந்தது. பெண் வங்கியில் வேலை. அப்பாவும் அம்மாவும் பெண்ணுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாள் நான் அக்காவின் காலில் விழாத குறை. இந்த ஒரு நாள் மட்டும் கழற்றி வைத்துவிடலாம் என்றேன். அவள் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டே, "அவாளும் பாக்கட்டும்," என்றாள்.

பெண்ணின் அப்பா உட்கார்ந்ததுமே சுவரைப் பார்த்து, "மாடர்ன் ஆர்ட்டா?" என்றார்.

அக்கா தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் எனக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. முடித்ததும் அந்தப் பெண் அக்காவிடம் கேட்டாள்.

"உங்ககிட்ட கேக்காமலே மாட்டிட்டாரா?"

"ஆமாம்மா."

அவள் என்னிடம் திரும்பினாள். "நீங்க மைக்ல சொன்னப்போ, அவா அங்க நிக்கறது தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் நீங்களும் ஃபோட்டோ எடுத்தேளா?"

அதை நான் சொல்லியிருக்கவில்லை. அக்காவும் அதுவரை அதை யாரிடமும் சொல்ல வைத்ததில்லை. அக்காவுக்கு அது தெரியாது என்றே நினைத்திருந்தேன். அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் வியப்பு இல்லை.

"எடுத்தேன்," என்றேன்.

அந்தப் பெண் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். மறுநாள் ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று அவள் அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. அக்கா செய்தியைப் படித்துவிட்டுப் போனை என்னிடம் தந்தாள்.

"நல்ல பொண்ணு," என்றாள். "சரியாக் கேட்டா."

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்தேன். மாலையில் வந்தாள், வெறும் ஆணியைப் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து அதை இழுத்தாள், முக்காலியைப் போட்டு ஏறினாள். இடது கையால் தூக்கினாள். வலது கை தோளுக்கு மேலே போகாது. சட்டம் ஆணியில் மாட்டாமல் மூன்று நான்கு முறை நழுவியது. ஒரு முறை சுவரில் இடித்துக் காரை உதிர்ந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் நானே மாட்டியதாக ஆகிவிடும் என்று தோன்றியது. மாட்டிவிட்டு இறங்கினாள், முக்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

நாங்கள் பேசிக்கொள்ளாமல் இல்லை. காலையில் காப்பி வைக்கிறாள், டிபன் டப்பா கட்டித் தருகிறாள், கரண்ட் பில் கட்டினாயா என்கிறாள். நான் இன்னும் படமெடுக்கிறேன். குழுவில் இருக்கிறேன். அந்தப் படத்தைக் கொச்சியில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள் என்று நண்பன் சொன்னபோது, முடியாது என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

போன வாரம் கூடத்து மின்விசிறி கத்த ஆரம்பித்தது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆள் ஒருவர் ரிப்பேருக்கு வந்தார். ஏணியில் ஏறி மின்விசிறியை அவிழ்த்துக்கொண்டே அவர் சுவரைப் பார்த்தார்.

"சார், இது எந்தக் கடப்பொறம்? நம்ம தேங்காப்பட்டணம் மாதிரில்லா இருக்கு."

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"கடல் இல்ல அண்ணாச்சி," என்றேன். "என் அக்காவோட கை. தீக்காயம். யாருக்கும் காட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு எடுத்தேன்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி ஏணியிலேயே நின்றார். நான் மீதியையும் சொன்னேன், நானும் ஒரு படம் எடுத்தது வரை. சொல்லி முடித்ததும் மிக்ஸி மறுபடி ஓடத் தொடங்கியது.